பூட்டி வைத்த படப்பெட்டி

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கொட்டகையில் படம் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் படப்பெட்டியின் மகிமை தெரியும். பெட்டி வந்தால் படம். வராவிட்டால், எவ்வளவு பெரிய நோட்டீஸ் ஒட்டியிருந்தாலும் வெள்ளைத் திரைதான். இன்று வீட்டிலிருந்தபடியே உலகத்துப் படங்களையெல்லாம் பார்க்கலாம் என்கிறார்கள். பெட்டியின் ஆட்சி ஒழிந்துவிட்டதா? ஜப்பானில் நடந்த ஒரு வழக்கைச் சொன்னால் விளங்கும்.

ஸெய்ஜுன் ஸுஸுகி, நிக்கட்ஸு கம்பெனியில் சம்பளத்துக்கு இருந்த டைரக்டர். கொடுக்கிற ரௌடிக் கதைகளைக் குறைந்த செலவில், குறைந்த நாளில் எடுத்துத் தருவது அவர் உத்தியோகம். 12 வருஷத்தில் சுமார் 40 படங்கள் எடுத்தார். 1967-ல் அவர் எடுத்தது 'கொரோஷி நோ ரகுயின்'; வெளிநாட்டில் 'பிராண்டட் டு கில்' என்று பெயர். கதாநாயகன் கூலிக்குக் கொலை செய்கிறவர்களின் வரிசையில் மூன்றாம் நம்பர். சோறு வேகிற வாசனை என்றால் அவனுக்கு உயிர். நம் ஊர்க்காரர்களுக்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை. கம்பெனித் தலைவருக்கோ படமே புரியவில்லை. 1968-ல் ஸுஸுகியை வேலையிலிருந்து நீக்கினார்.

அதோடு நின்றிருந்தால் அது முதலாளி, தொழிலாளி தகராறு. டோக்கியோவில் ஒரு ஸினிமாச் சங்கம் ஸுஸுகியின் படங்களைத் திரையிடப் பிரதிகள் கேட்டது. கம்பெனி மறுத்துவிட்டது. ரசிகர்களும் மாணவர்களும் தெருவில் இறங்கினார்கள். ஸுஸுகி கோர்ட்டுக்குப் போனார். 1971-ல் சமரசமாகி, 10 லட்சம் யென் கிடைத்தது. மற்றக் கம்பெனிகளும் கதவைச் சாத்திவிட்டதால், 1977-ல்தான் அவருடைய அடுத்த திரைப்படம் வந்தது.

அந்தப் படத்தை இன்று நாம் எப்படிப் பார்ப்பது? அமெரிக்காவில் கிரைட்டீரியன் கம்பெனி அதை ப்ளூ-ரே தட்டாக வெளியிட்டிருக்கிறது. அந்த வகைத் தட்டுகளுக்கு உலகத்தை மூன்று மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். அமெரிக்காவும் ஜப்பானும் 'ஏ', இந்தியா 'ஸி'. 'ஏ' தட்டு ஓட, எல்லா மண்டலத்துக்கும் பொதுவான யந்திரம் வேண்டும். அதே கம்பெனியின் இணையச் சேவையோ அமெரிக்காவையும் கனடாவையும் தாண்டுவதில்லை. மற்ற இணையக் கொட்டகைகளில், ஒப்பந்தம் தீர்ந்த அன்று படமும் போய்விடும். பெட்டி கண்ணுக்குத் தெரியாமற் போயிற்றே தவிர, சாவி இன்னும் வேறொருவர் கையில்தான்.

ஆயினும் ஜப்பான்காரர்கள் பூட்டியாவது வைத்தார்கள். 1931-ல் வந்த நம் முதல் பேசும் படம் 'காளிதாஸ்'. அதற்கு ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. பூட்டிய பெட்டிக்காக வழக்காடலாம். இல்லாத பெட்டிக்காக யாரிடம் போய் வழக்காடுவது?