வீராணம் ஏரி

வீராணம் ஏரி, கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் அருகே அமைந்த, ஏறத்தாழ 16 கி.மீ. நீளமுள்ள பாசன ஏரி. 10ஆம் நூற்றாண்டில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டப்பட்டு, அவனது விருதுப்பெயரால் வீரநாராயண ஏரி எனப்பட்டது. இதை வெறும் மழைநீர் ஏரியாகக் கொள்வது பொருந்தாது. கொள்ளிடத்தின் குறுக்கே 1836இல் கட்டப்பட்ட கீழணையிலிருந்து வடவாற்றின் வழியே வரும் காவிரி நீரே இதன் முதன்மை வரத்து. அணை பிற்காலத்தது என்பதால் சோழர் பணி சிறுத்துவிடாது: இடத்தைத் தேர்ந்து கரை எழுப்பியவர்கள் அவர்கள், அணை வரத்தை உறுதிப்படுத்தியது. சிதம்பரம் வட்டார நெல்வயல்கள் பல இதன் மதகுகளை நம்பியுள்ளன. 2004 முதல் சென்னைக்கும் குடிநீர் செல்வதால், மேட்டூர் அணையிலிருந்து வரும் காவிரி நீர் தாமதிக்கும் ஆண்டுகளில் பாசனமும் குடிநீரும் ஒரே இருப்பைப் பங்கிட நேர்கிறது.