லண்டனுக்கு நடந்து போன வான்கோழிகள்

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் கிழக்கு மாவட்டங்களான நார்ஃபோக்கிலும் சஃபோக்கிலும் கிறிஸ்துமஸ் வியாபாரம் ஆகஸ்டிலேயே சூடுபிடித்துவிடும். பண்டிகைக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கும். ஆனால் நார்விச் நகரத்திலிருந்து லண்டன் நூறு மைலுக்கு மேல். அவ்வளவு தூரத்தையும் வான்கோழி தன் காலாலேயே நடந்து கடக்க வேண்டும்.

வேறு வழியும் இல்லை. ரயில் வரவில்லை, குளிர்பெட்டி கிடையாது. அறுத்த பறவையை அந்தக் காலத்து வண்டி வேகத்தில் அனுப்பினால் ஊர் போய்ச் சேர்வதற்குள் நாற்றமெடுத்துவிடும். கறி கெடாமல் இருக்க ஒரே உபாயம், அதை உயிரோடு ஓட்டிச் செல்வதுதான்.

இந்த ஊர்வலத்தைக் கணக்கோடு எழுதிவைத்தவர் டேனியல் டீஃபோ. ராபின்சன் குருசோவை எழுதிய அதே மனிதர். 1724இல் வெளிவரத் தொடங்கிய தன் பயண நூலில், ஸ்டூர் ஆற்றின் குறுக்கே உள்ள ஸ்ட்ராட்ஃபோர்டு பாலத்தைப் பற்றிச் சொல்கிறார். ஒரு பருவத்தில் அந்த ஒரு பாலத்தை மட்டும் 300 வான்கோழி மந்தைகள் கடந்தனவாம். மந்தைக்கு 300 முதல் 1,000 பறவைகள். சராசரியாக 500 என்று வைத்து 1,50,000 என்று கூட்டிக் காட்டுகிறார். அவர் வணிகரும்கூட, எண்களைக் கொஞ்சம் தாராளமாகவே போடக்கூடியவர். பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் அந்தப் பாலத்தில் எழும்பிய இரைச்சலை ஊகிக்கலாம். இத்தனைக்கும், மற்ற வழிகளில் போனவை இதைவிட அதிகம் என்கிறார்.

ஆகஸ்டில் கிளம்பியதற்குக் காரணம் தீனி. அறுவடை முடிந்த வயலில் சிந்திக் கிடக்கும் மணிகளைப் பொறுக்கிக்கொண்டே பறவைகள் நடக்கும். ஓட்டுபவருக்குத் தீனிச் செலவு மிச்சம். அக்டோபர் கடைசியில் மழை பெய்து சாலை சேறாகிவிட்டால் அந்தக் கால்களால் நடக்க முடியாது. அதற்குள் லண்டன் அருகே போய்ச் சேர்ந்தாக வேண்டும். வழியில் இளைத்ததை, நகரத்தின் ஓரங்களில் டிசம்பர் வரை தீனி போட்டுத் தேற்றினார்கள். கால் தேயாமலிருக்க வான்கோழிகளுக்குத் தோல் உறை கட்டிவிட்டதாகவும், வாத்துகளின் பாதங்களைத் தாரிலும் மணலிலும் தோய்த்தெடுத்ததாகவும் சொல்வார்கள். ஓட்டுபவர்களுக்கு உண்மையான தலைவலி சாயங்காலம்தான். பொழுது சாய்ந்தால் வான்கோழி மரத்தில் ஏறிவிடும்; பிறகு விடியும்வரை அதை அசைக்க முடியாது.

டீஃபோ காலத்திலேயே இந்த நடைக்குப் போட்டியும் முளைத்தது. நான்கு அடுக்குக் கூண்டு வைத்த வண்டிகளில் பறவைகளை உயிரோடு ஏற்றி, வழியில் குதிரைகளை மாற்றி மாற்றி, இரண்டு பகலும் ஓர் இரவுமாக நூறு மைல் வரை ஓட்டினார்கள்.

இப்படி நடந்த பறவையின் சொந்த ஊர் இங்கிலாந்து அல்ல, மெக்சிகோ. அங்கே பன்னெடுங்காலமாக வீட்டில் வளர்த்துவந்ததை 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தார்கள். 1541இலேயே பேராயர் கிரான்மர், மதகுருமார்களின் ஆடம்பர விருந்தைக் குறைக்க உத்தரவிட்டபோது, ஒரு தட்டில் ஒன்றுக்கு மேல் வைக்கக் கூடாத பெரிய பறவைகளாகக் கொக்கையும் அன்னத்தையும் வான்கோழிச் சேவலையும் சேர்த்தே சொன்னார். 1550இல் யார்க்‌ஷயரைச் சேர்ந்த வில்லியம் ஸ்ட்ரிக்லண்ட் தன் குடும்பச் சின்னத்தில் வான்கோழியைப் பொறித்துக்கொண்டார். 1573இல் தாமஸ் டஸ்ஸர் எழுதிய வேளாண்மை நூலில் அது உழவர் வீட்டுக் கிறிஸ்துமஸ் விருந்துக்கே வந்துவிட்டது. இருந்தாலும் லண்டன் ஏழைகளின் மேசைக்கு வர இன்னும் சில நூற்றாண்டுகள் ஆயின.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சுங்கச் சாலைகள் சீரடைந்தன; தபால் வண்டிகள் விரைவாக ஓடின. டிசம்பர் குளிரும் சேர்ந்துகொள்ள, அறுத்த பறவையையே அனுப்பலாம் என்றானது. 1793 கிறிஸ்துமஸுக்கு முந்தைய வார இறுதியில் நார்விச்சிலிருந்து 1,700 வான்கோழிகள், ஒன்பது டன்னுக்கு மேல், லண்டனுக்குப் போனதாக ஒரு பதிவு இருக்கிறது. அந்த நாட்களில் நார்விச் வண்டிகளில் ஆட்களுக்கு இடம் கிடைப்பது பெரும்பாடு. வான்கோழி பேசாது, இடம் போதவில்லை என்று சண்டை பிடிக்காது, கூரையிலும் தொங்கும். வண்டிக்காரர் வேறு யாரைத் தேர்ந்தெடுப்பார்?

இவை போய் இறங்கிய இடங்களில் பெயர்பெற்றது லெடன்ஹால் சந்தை. 14ஆம் நூற்றாண்டிலிருந்தே அங்கே கோழி வியாபாரம் உண்டு. இன்று நாம் பார்க்கும் இரும்பும் கண்ணாடியுமான கூரையைக் கட்டடக் கலைஞர் ஹொரஸ் ஜோன்ஸ் 1881இல் கட்டினார். அந்தக் காலத்தில் கிறிஸ்துமஸ் நெருங்கினால் கடை முகப்பு முழுக்க, தரையிலிருந்து மாடி வரை, பறவைகள் தலைகீழாகத் தொங்கும். இரும்புக் கொக்கிகள் சில இன்றும் அங்கே மிச்சமிருக்கின்றன. திறந்தவெளியில் தொங்கவிட்டது வெறும் விளம்பரத்துக்காக அல்ல. வாடைக்காற்றுதான் அவர்களுடைய குளிர்பதனம்.

டிக்கன்ஸ் 1843இல் வெளியிட்ட கிறிஸ்துமஸ் கதையில் கஞ்சர் ஸ்க்ரூஜ் ஒரு பையனை அனுப்பி வாங்கச் சொல்லும் பரிசு வான்கோழியும் அப்படிக் கடையில் தொங்கியதுதான். தூக்கிச் செல்ல முடியாத எடை என்பதால் அதற்கு வாடகை வண்டி பிடிக்கிறார்கள். அதைப் பெறும் அவருடைய எழுத்தர் குடும்பம் தானாக வாங்க முடிந்தது வாத்து மட்டும். அதையும் ரொட்டிக் கடை அடுப்பில் கொடுத்துத்தான் சுட்டுக்கொண்டார்கள். உழைப்பாளிகள் மதுக்கடையில் வாரம் சில காசு கட்டிப் பண்டிகைக்கு வாத்து எடுக்கும் சீட்டும் நடந்தது. நம் ஊர் தீபாவளிச் சீட்டேதான். ஷெர்லாக் ஹோம்ஸ் கதை ஒன்று இந்த வாத்துச் சீட்டை வைத்தே நகர்கிறது. அதில் ஹோம்ஸ், வியாபாரியின் வாயைப் பிடுங்க, இந்த வாத்து நாட்டுப்புறத்தில் வளர்ந்ததா நகரத்தில் வளர்ந்ததா என்று பந்தயம் கட்டுகிறார். அந்த வியாபாரி பந்தயப் பிரியர் என்பதைக் கண்டுகொண்டதால்தான் அந்தத் தந்திரம் பலிக்கிறது.

ரயில் 1840களில் நார்விச்சை எட்டியதும் மந்தை நடை மறைந்தது. வான்கோழியின் விலை இறங்கியது அதற்கும் நூறாண்டு கழித்து, அதே நார்ஃபோக்கில். இன்சூரன்ஸ் குமாஸ்தா பெர்னார்ட் மேத்யூஸ் 1950இல் 20 முட்டைகளும் ஒரு பழைய இன்குபேட்டரும் வாங்கினார். 12 குஞ்சுகள் பொரித்தன. 1955இல் கிரேட் விச்சிங்ஹாம் ஹால் என்ற பாழடைந்த மாளிகையை வாங்கி அதன் அறைகளிலேயே வான்கோழி வளர்த்தார். பிறகு வந்தவை கொட்டகைகளும் உறைநிலைக் கிடங்குகளும். வான்கோழி எல்லோருக்கும் எட்டியது. மார்பு பெருக்கத் தேர்ந்தெடுத்து வளர்த்ததில், பண்ணைகளின் வெள்ளைப் பறவைகளால் இயல்பாக இணைசேரக்கூட முடியாமல் போனது. இன்று செயற்கைக் கருவூட்டல்தான்.

இதற்கு எதிர்வினை எசெக்ஸ் மாவட்டத்திலிருந்து வந்தது. 1980களில் அங்கே வான்கோழிப் பண்ணை நடத்திய கெல்லி குடும்பம் பழைய வெண்கல நிறப் பறவைகளைத் திரும்பக் கொண்டுவந்தது. அவற்றை ஆறு மாதம் வரை வளர்த்து, வெந்நீரில் நனைக்காமல் இறகு பறித்து, குடல் எடுக்காமல் குளிர் அறையில் நாள்கணக்கில் தொங்கவிடுகிறார்கள். ஆக, அதிக விலைக்குப் போகும் ‘ஃப்ரெஷ்’ வான்கோழி பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்துக்கு முன் அறுத்தது. உறையவைக்கவில்லை என்பதுதான் அதன் பெருமை.

அந்தப் பெருமையையும் 2022இல் பறவைக் காய்ச்சல் ஆட்டிப்பார்த்தது. பிரிட்டனில் பண்டிகைக்காகத் திறந்தவெளியில் வளர்த்த வான்கோழிகளில் சுமார் பாதி செத்தன அல்லது அழிக்கப்பட்டன. நோய் வருமுன் அறுத்து உறையவைத்துக்கொள்ளலாம்; நவம்பர் 28 முதல் டிசம்பர் 31 வரை அதை உருக்கி விற்கலாம் என்று இங்கிலாந்து அரசு விதியைத் தளர்த்தியது.