தாய்க் கம்பெனியும் சேய்க் கம்பெனியும்

அமெரிக்க நாட்டின் டெக்ஸாஸ் மாநிலத்தில் டைலர் என்றோர் ஊர் உண்டு. அவ்வூரிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் 1983-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் ஒரு தீர்ப்பு வழங்கிற்று. கல்நார்த் தூசியால் விளைந்த கேட்டுக்கு ஈடு கேட்டு வழக்காடிய 206 வாதிகளுக்கு, ஏறத்தாழ 1 கோடியே 56 லட்சம் டாலர் தருமாறு கேப் இண்டஸ்ட்ரீஸ் என்னும் ஆங்கிலக் கம்பெனிக்கும் அதன் கிளைக் கம்பெனி ஒன்றுக்கும் அத்தீர்ப்பு ஆணையிட்டது. வழக்கை எதிர்த்து வாதாட அக்கம்பெனிகளின் சார்பில் எவரும் வரவில்லை. கேப் கம்பெனி நொடித்துப் போகவும் இல்லை. லண்டன் நகரில் தொழில் நடத்திக்கொண்டுதான் இருந்தது. ஆயினும் அத்தீர்ப்பைக் கொண்டு இங்கிலாந்தில் ஒரு காசும் வசூலிக்க இயலவில்லை. வழக்கில் வென்றவர்கள் வெறுங்கையுடன் நின்றது எவ்வாறு? அவ்வரலாற்றையே இன்று காண்போம்.

நீதிமன்றத் தீர்ப்பு என்பது பணமன்று. பணத்தைத் தேடிப் பெறுவதற்குரிய உரிமை மட்டுமே. தீர்ப்புப் பெற்றவர் கடனாளியின் வீட்டையும் நிலத்தையும் சரக்கையும் ஜப்தி செய்யலாம். கடனாளியின் அண்டை வீட்டாருடைய மாட்டை அவிழ்த்துக்கொண்டு போக முடியாது. இது எல்லாருக்கும் எளிதில் விளங்கும் நியாயம். கடனாளி ஒரு கம்பெனியாக இருக்கும்போதுதான் சிக்கல் தோன்றுகிறது. கம்பெனி என்பது சட்டத்தின் கண்ணுக்குத் தனியோர் ஆள். அது சொத்து வைத்திருக்கலாம், கடன் படலாம், வழக்காடலாம். அதனைப் பெற்ற தாய்க் கம்பெனி வேறோர் ஆள். தாய் பெற்ற பிற சேய்க் கம்பெனிகள் இன்னும் வேறு வேறு ஆட்கள். நம் நாட்டுப் பழைய இந்து சட்டத்திலே, கூட்டுக் குடும்பச் சொத்தின் அளவிலே, தந்தை பட்ட கடனை மகன் தீர்ப்பது அறக்கடமை என்றொரு விதி இருந்தது; 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின்னர்ப் பட்ட கடன்களுக்கு அவ்விதி செல்லாது. கம்பெனிகளின் உலகில் அத்தகைய அறக்கடமை ஒருநாளும் இருந்ததில்லை. சேய் ஈட்டும் இலாபம் தாயிடம் சேரும். சேய் பட்ட கடன் தாயைச் சேராது.

இவ்விதி வேரூன்றியது ஒரு செருப்பு வணிகர் வழக்கில். ஆரன் சாலமன் என்பவர் லண்டனின் கிழக்குப் பகுதியில் பல்லாண்டுகள் தோல் செருப்பும் பூட்சும் செய்து விற்றுவந்தார். 1892-ஆம் ஆண்டில் தம் தொழிலைக் கம்பெனியாக மாற்றினார். கம்பெனி தொடங்க எழுவர் வேண்டும் என்பது அக்காலச் சட்டம். அவரும், அவர் மனைவியும், மகளும், நான்கு மைந்தரும் ஆக எழுவர் சேர்ந்தனர்! ஒரு பவுன் வீதம் 20,007 பங்குகள். அவற்றுள் 20,001 சாலமனுக்கு. மற்ற அறுவருக்கும் ஆளுக்கொரு பங்கு. இதனோடு, தொழிலை விற்ற விலையில் ஒரு பகுதிக்காக 10,000 பவுனுக்குக் கடன் பத்திரமும் அவர் தம் கம்பெனியிடமிருந்தே எழுதி வாங்கிக்கொண்டார். வேலைநிறுத்தங்கள் முதலிய காரணங்களால் தொழில் சரிந்தது, கம்பெனி கலைக்கப்பட்டது. ஈடு ஏதும் இன்றிக் கடன் கொடுத்த வணிகர்கள், “கம்பெனியென்பது பெயருக்குத்தான்; உண்மையில் சாலமனே கடனாளி” என்று வாதித்தனர். கீழ் நீதிமன்றமும் மேல் முறையீட்டு நீதிமன்றமும் அவர்கள் பக்கமே சாய்ந்தன. ஆனால் பிரபுக்கள் சபை அவ்விரு தீர்ப்புகளையும் தள்ளிவிட்டது. சட்டப்படி பதிவான கம்பெனி, அதன் பங்குதாரரினின்றும் வேறான ஆள் என்று அச்சபை முடிவு கூறிற்று. 1897-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் திரட்டில் அது வெளியாயிற்று. இன்றும் இந்தியா உட்படப் பல நாடுகளிலே சட்ட மாணவர்கள் முதலில் படிக்கும் கம்பெனி வழக்கு அதுவே.

சாலமன் மோசக்காரர் அல்லர். அவர் கடன் பத்திரத்தின் மீது வேறொருவரிடம் பணம் பெற்று அதனைத் தம் கம்பெனிக்கே கொடுத்தவர். இறுதியில் தம் பொருளையும் இழந்தவர். பிரபுக்கள் சபையின் முடிவில் எனக்கு வருத்தமில்லை. ஒரு குடும்பத்தின் சிறு தொழிலைக் காக்கப் பிறந்த விதி, கண்டங்கள் தாண்டிப் பரவிய பெருங் கம்பெனிக் கூட்டங்களுக்கும் அப்படியே கவசமாகியதுதான் எண்ணிப் பார்க்கத் தக்கது.

அக்கவசம் எவ்வாறு பயன்பட்டது என்பதற்கு நியூயார்க் நகரில் ஒரு சிறு காட்சி. அங்கே ஒருவர் பத்துக் கம்பெனிகளை நிறுவி, கம்பெனி ஒன்றுக்கு இரண்டு வாடகைக் கார்கள் வீதம் ஓட்டிவந்தார் என்பது வழக்கு. ஒவ்வொரு காருக்கும் சட்டம் கட்டாயப்படுத்திய குறைந்த அளவான 10,000 டாலருக்கே காப்பீடு இருந்தது. ஒரு கார் மோதிப் படுகாயமுற்றவர், பத்துக் கம்பெனிகளையும் உரிமையாளரையும் சேர்த்து வழக்குத் தொடுத்தார். 1966-இல் அம்மாநில உயர்நிலை நீதிமன்றம் ஒரு நுட்பமான வேறுபாட்டைச் சொல்லிற்று. பத்துக் கம்பெனிகளும் ஒரே வியாபாரமாக நடந்தன எனில், மோதிய காரின் கம்பெனியோடு மற்றச் சகோதரக் கம்பெனிகளும் பொறுப்பேற்க இடமுண்டு. அதனை மட்டும் காட்டி உரிமையாளரின் சொந்தப் பணத்தைத் தொடுதல் இயலாது. அவர் கம்பெனிகளைத் தம் சொந்தக் கைப்பையாக நடத்தினார் என்பதற்கு வேறு ஆதாரம் வேண்டும் என்றது நீதிமன்றம்.

இனி டைலருக்கு மீள்வோம். கேப் கம்பெனி 1893-இல் இங்கிலாந்தில் தோன்றியது. தென்னாப்பிரிக்காவில் கல்நார் தோண்டி எடுப்பதே அதன் தொழில். கல்நார் என்பது நெருப்புக்கு அசையாத நாரிழைக் கல். குழாய்களையும் கொதிகலன்களையும் போர்த்துவதற்கு மிக உதவியது. அதன் நுண்ணிழை நுரையீரலில் தங்கினால், இருபது முப்பது ஆண்டுகள் கழித்தும் கொடிய நோயாக வெளிப்படும். டிரான்ஸ்வால் பகுதியில் பெங்கே என்னுமிடத்துச் சுரங்கத்தை நடத்திய சேய்க் கம்பெனியின் பெயர் எக்னெப். ஆங்கிலத்தில் பெங்கே என்னும் பெயரைத் தலைகீழாக எழுதினால் எக்னெப் ஆகும்! அமெரிக்காவில் கல்நாரை விற்பதற்கென்று 1953-இல் இல்லினாய் மாநிலத்தில் மற்றொரு சேய்க் கம்பெனி பதிவாயிற்று. இவ்வாறாக, தோண்டுவது ஒரு கம்பெனி. விற்க உதவுவது வேறொரு கம்பெனி. இலாபம் திரள்வது லண்டனில்.

டைலருக்கு அருகேயுள்ள ஓவன்டவுன் ஆலைக்கு இக்கல்நார் சென்றது. அங்கே உழைத்தவர்கள் மூச்சுத் திணறி நோயில் வீழ்ந்தனர். ஆலை 1972-இல் மூடப்பட்டது. 1974-இல் வழக்குகள் தொடங்கின. முதல் தொகுதியில் 462 வாதிகள். 1977-இல் 2 கோடி டாலருக்குச் சமரசம் ஏற்பட்டது. அதில் கேப் கூட்டத்தார் 52 லட்சம் டாலர் செலுத்தினர். செலுத்திய கையோடு தம் அமைப்பையே மாற்றிக்கொண்டனர். இல்லினாயிலிருந்த சேய்க் கம்பெனி 1978-இல் கலைக்கப்பட்டது. அதன் இடத்தில், பழைய நிர்வாகியின் கையில் புதிய கம்பெனி ஒன்று அதே மாநிலத்தில் தோன்றியது. லீக்டென்ஸ்டைன் என்னும் சின்னஞ்சிறு நாட்டில் இன்னொரு நிறுவனம் பதிவாயிற்று. கல்நார் அமெரிக்காவுக்குச் சென்றுகொண்டிருந்தது. கேப் என்னும் பெயர் மட்டும் அங்கே இல்லை. இரண்டாம் தொகுதி வழக்குகள் வந்தபோது, கேப் நீதிமன்றத்தின் வாயிலையே மிதிக்கவில்லை. அவ்வாறு எழுந்ததே 206 பேர் பெற்ற தீர்ப்பு.

அமெரிக்காவில் கேப் கம்பெனிக்குக் கைப்பற்றத் தக்க பொருள் இல்லாமையால், வாதிகள் இங்கிலாந்து சென்று வழக்குத் தொடுத்தனர். ஆங்கிலச் சட்டத்தின்படி, அயல்நாட்டு நீதிமன்றத் தீர்ப்பு அங்கே செல்லுபடியாக வேண்டுமெனில், பிரதிவாதி அந்நாட்டில் இருந்திருக்க வேண்டும். அல்லது அந்நீதிமன்றத்துக்குத் தாமே உட்பட்டிருக்க வேண்டும். கேப் அமெரிக்காவில் இருந்ததா? இல்லினாய்க் கம்பெனி இருந்தது. சேய் இருந்த இடத்தில் தாயும் இருந்ததாகக் கொள்ளலாமா என்பதே கேள்வி.

வாதிகள் மூன்று வழிகளில் முயன்றனர். கேப் கூட்டம் முழுவதும் ஒரே தொழில் என்றனர். கம்பெனிகள் உண்மையை மறைக்கும் திரைகள், அத்திரையை விலக்க வேண்டும் என்றனர். சேய் தாயின் முகவர் என்றனர். 1988-இல் முதல் நீதிமன்றமும், 1989-இல் மேல் முறையீட்டு நீதிமன்றமும் மூன்றையும் மறுத்தன. லீக்டென்ஸ்டைன் நிறுவனம் வெறும் முகமூடியே என்பதை மேல் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆயினும் அதனால் வாதிகளுக்குப் பயனில்லை. ஏனெனில் அமெரிக்காவில் தொழில் செய்த புதிய கம்பெனி தன் சொந்தத் தொழிலையே செய்தது என்று கண்டனர். எதிர்காலத்தில் வரக்கூடிய பொறுப்பு, கூட்டத்திலுள்ள வேறொரு கம்பெனியின் தலையில் விழுமாறு முன்கூட்டியே அமைத்துக்கொள்வது சட்டம் தந்த உரிமையே என்று அந்நீதிமன்றம் வெளிப்படையாகக் கூறிற்று. அதனை விரும்புவதும் வெறுப்பதும் வேறு விஷயம் என்றும் சொல்லிற்று.

மற்றொரு காரணமும் தீர்ப்பில் உண்டு. டைலர் நீதிபதி ஒவ்வொரு வாதியின் நோயையும் தனித்தனியே ஆராயாமல், சராசரியாக ஆளுக்கு 75,000 டாலர் என்று கணக்கிட்டு, அதனைப் பகிரும் வேலையை வாதிகளின் வழக்கறிஞரிடமே விட்டார். இது இயற்கை நீதிக்கு மாறு என்றனர் ஆங்கில நீதிபதிகள். இக்குறையை மறுக்க இயலாது. எளிதாகப் பெற்ற தீர்ப்பு எளிதாகவே உடைந்தது.

மோசடி வெளிப்படும் இடத்தில் நீதிமன்றங்கள் இத்துணைத் தயங்குவதில்லை. தில்லியில் ஒரு கட்டடக் கம்பெனி, நிலத்துக்குரிய விலையைச் செலுத்தாமலே பலரிடம் இடம் விற்றுப் பணம் திரட்டியது. 1996-இல் நம் உச்ச நீதிமன்றம், கம்பெனியின் சொத்தையும் அதன் இயக்குநர், அவர் மனைவி மக்கள் ஆகியோரின் சொத்தையும் ஒன்றாகவே கருதி, ஏமாந்தவர்களின் பணம் அதிலிருந்து கிடைக்க வழி செய்தது. கேப் வழக்கில் அத்தகைய மோசடி இருந்ததாக நீதிமன்றம் காணவில்லை.

பின்னர் வந்த வழக்கறிஞர்கள் வேறு பாதை கண்டனர். சேயின் கடனைத் தாயிடம் வசூலிக்க முயல்வதை விடுத்து, “நீயே எங்களுக்குத் தவறு இழைத்தாய்” என்று தாய்க் கம்பெனியின் மீதே முதலில் வழக்குத் தொடுத்தனர். தென்னாப்பிரிக்கச் சுரங்கப் பகுதியில் நோயுற்றவர்கள் 3,000-க்கு மேற்பட்டோர் கேப் மீது லண்டனிலேயே வழக்காடலாம் என்று 2000-ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபை இடம் தந்தது. 2003-இல் 75 லட்சம் பவுனுக்குச் சமரசம் முடிந்தது. 2012-இல் மேல் முறையீட்டு நீதிமன்றம் மேலும் ஓரடி சென்றது. 1959 முதல் 1962 வரை இங்கிலாந்தில் கேப்பின் சேய்க் கம்பெனியில் வேலை செய்த ஒருவருக்கு, ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்துக் கல்நார் நோய் தெரிந்தது. சேய்க் கம்பெனியோ கலைந்து போயிற்று. கல்நாரின் தீங்கை நன்கறிந்திருந்த தாய்க் கம்பெனி அத்தொழிலாளியைக் காக்கும் கடமை உடையது என்று நீதிமன்றம் தீர்த்தது. திரை விலக்கப்படவில்லை, திரைக்கு இப்பால் நின்ற தாயின் சொந்தக் கடமையே சுட்டிக்காட்டப்பட்டது.

ஜாம்பியா நாட்டில் செம்புச் சுரங்கக் கழிவால் தம் ஆறும் வயலும் கெட்டன என்று 1,826 சிற்றூர் மக்கள் லண்டனில் முறையிட்டனர். அச்சுரங்கத்தின் தாய், நம்மவர் தூத்துக்குடி ஆலையால் அறிந்த வேதாந்தா கம்பெனி. தாயும் சேயும் சேர்ந்து இங்கிலாந்தில் விசாரணைக்கு உட்பட வேண்டும் என்று 2019 ஏப்ரலில் இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றம் கூறியது. 2021-இல் கம்பெனி, பொறுப்பை ஒப்புக்கொள்ளாமலே, அவர்களோடு சமரசம் செய்துகொண்டது.