புலி வருது... ஆரஞ்சு கலரில்!

செப்டம்பர் 11 தாக்குதல் நடந்து ஆறு மாதம் கழித்து, 2002 மார்ச்சில், அமெரிக்க அரசு தீவிரவாத ஆபத்தை ஐந்து நிறங்களில் அறிவிக்க ஆரம்பித்தது. பச்சை என்றால் ஆபத்து குறைவு. பிறகு நீலம், மஞ்சள், ஆரஞ்சு. உச்சம் சிவப்பு. டிராஃபிக் சிக்னல் மாதிரி எல்லோருக்கும் புரியும் என்று நினைத்தார்கள். ஆனால் சிக்னலில் சிவப்பு விழுந்தால் வண்டியை நிறுத்த வேண்டும் என்று தெரியும். இங்கே ஆரஞ்சு விழுந்தால் என்ன செய்வது?

முதலில் மக்கள் நிஜமாகவே பயந்தார்கள். 2003 பிப்ரவரியில் ஆரஞ்சு வந்தபோது, விஷவாயு தாக்குதல் நடந்தால் ஜன்னலை அடைக்க பிளாஸ்டிக் ஷீட்டும் ஒட்டுகிற டேப்பும் வாங்கி வைக்கச் சொன்னார்கள். பல ஊர்க் கடைகளில் டேப் தீர்ந்தே போனது! மூன்று வாரத்தில் மீண்டும் மஞ்சள். மார்ச்சில் ஆரஞ்சு, மே மாதம் ஆரஞ்சு, டிசம்பரில் ஆரஞ்சு... "விழிப்பாக இருங்கள், வழக்கம்போல வேலையைப் பாருங்கள்" என்பதுதான் ஒவ்வொரு முறையும் அறிவுரை. மக்கள் இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். டிவி காமெடியன்களுக்கு நல்ல தீனி.

2004 ஆகஸ்ட் 1 அறிவிப்பு வித்தியாசமானது. நியூயார்க் பங்குச் சந்தை, உலக வங்கி என்று கட்டடங்களின் பெயரையே சொன்னார்கள். இரண்டே நாளில், அந்தத் தகவலில் பெரும்பகுதி மூன்று நான்கு வருடம் பழையது என்று செய்தி வந்தது. அது தேர்தல் வருடம் வேறு. ஓட்டுக்காகப் பயமுறுத்துகிறார்கள் என்று பலர் ஒதுக்கிவிட்டார்கள். ஆனால் அந்தக் கட்டடங்களை நோட்டம் விட்டவர் 2006ல் லண்டன் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆயுள் தண்டனை பெற்றார். பழைய தகவல்தான், பொய் இல்லை! அதற்கு முன் எழுதிய செக்குகள் எல்லாம் திரும்பி வந்திருந்ததால், பணம் உள்ள செக்கையும் யாரும் வாங்கவில்லை.

அரசின் பக்கமும் ஒரு சங்கடம் உண்டு. எச்சரித்தபின் எதுவும் நடக்கவில்லை என்றால், எச்சரிக்கை பலித்ததா, பொய்த்ததா? நிரூபிக்க வழியே இல்லை. ஆனால் அப்போது பொறுப்பில் இருந்த அமைச்சர் டாம் ரிட்ஜே, 2004 தேர்தலுக்குச் சற்று முன் நிறத்தை உயர்த்தலாமா என்று நடந்த விவாதத்தில், இது பாதுகாப்பா அரசியலா என்று தனக்குக் கேள்வி எழுந்ததாக 2009ல் புத்தகத்தில் எழுதினார். (அந்த முறை நிறம் மாறவில்லை.)

சிவப்பு வந்தது ஒரே ஒரு முறை, 2006 ஆகஸ்டில், பிரிட்டனிலிருந்து வரும் விமானங்களுக்கு மட்டும். அதன்பின் விமானப் பயணத்துக்கு ஆரஞ்சு என்று அறிவித்தவர்கள், 2011 வரை இறக்கவே இல்லை. ஏர்போர்ட் ஸ்பீக்கர் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தது. நாடு முழுவதற்கும் பச்சையோ நீலமோ ஒரு நாள்கூட வரவில்லை.

2011 ஏப்ரலில் நிறங்களைத் தூக்கிவிட்டு, முடிவு தேதியுடன் கூடிய எச்சரிக்கை முறையைக் கொண்டுவந்தார்கள். 2015 டிசம்பரில் அதில் "புல்லட்டின்" என்று ஒரு புது வகை சேர்ந்தது. அதற்கும் முடிவு தேதி உண்டு. ஆனால் ஒன்று காலாவதியாகும் நேரத்தில் அடுத்தது வர ஆரம்பித்தது.