முதியோர் சட்ட வழக்கறிஞர் (அமெரிக்க ஐக்கிய நாடுகள்)

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வயதானவர்களின் சொத்து, மருத்துவச் செலவு, பராமரிப்பு, நினைவு தளர்ந்த காலத்தில் எடுக்கவேண்டிய முடிவுகள் ஆகியவற்றைக் கவனிப்பதையே தொழிலாகக் கொண்டவர் முதியோர் சட்ட வழக்கறிஞர். உயில், டிரஸ்ட், பவர் பத்திரம் எழுதுவது இவரது வேலையில் ஒரு பகுதி. மற்றொரு பகுதி முழுவதும் பராமரிப்பு இல்லத்தின் மாதக் கட்டணத்தை யார் கட்டுவது என்ற கேள்வியைச் சுற்றியது. சொத்துத் திட்டமிடல் வழக்கறிஞர், கட்சிக்காரர் இறந்தபின் எது யாருக்குப் போகவேண்டும் என்று கேட்பார். முதியோர் சட்ட வழக்கறிஞரோ, அவர் இன்னும் இருபது ஆண்டு வாழ்ந்தால் என்ன செய்வது என்றும் சேர்த்துக் கேட்பார். நடைமுறையில் இரண்டு வேலையும் பெரும்பாலும் ஒரே அலுவலகத்தில் நடக்கின்றன. தனித் துறையாக இது உருப்பெற்றது 1980களில்தான். ஆனால் இது கையாளும் கருவிகள் பல நூற்றாண்டுப் பழமை கொண்டவை.

ஆங்கிலச் சட்ட மரபு

இடைக்கால இங்கிலாந்தில் நிலத்தை உயில் மூலம் கொடுக்க முடியாது. உடையவர் இறந்தால் பொதுவாக அது மூத்த மகனைச் சேரும். அவனும் மேலுள்ள பிரபுவுக்கோ மன்னருக்கோ கட்டணம் செலுத்தித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். நிலக்காரர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். நம்பகமான நண்பர்கள் சிலர் பெயருக்கு நிலத்தை மாற்றி, தாம் உள்ளவரை பலன் தமக்கு, பிறகு மனைவிக்கும் இளைய பிள்ளைகளுக்கும் என்று ஏற்பாடு செய்தார்கள். நண்பர் வாக்கு மாறினால் சான்சலரின் நீதிமன்றம் அவரைக் கட்டுப்படுத்தியது. இன்றைய டிரஸ்ட் இதிலிருந்து வளர்ந்தது. வருமானம் குறைவதைக் கண்ட எட்டாம் ஹென்றி 1536இல் ஒரு சட்டத்தால் இந்த ஏற்பாட்டை முடக்கினார். அதே ஆண்டு வட இங்கிலாந்தில் எழுந்த பெருங்கிளர்ச்சியின் குறைகளில் இதுவும் ஒன்று. அடுத்து வந்ததுதான் 1540ஆம் ஆண்டின் உயில் சட்டம். நிலத்தையும் உயிலால் கொடுக்கலாம் என்ற உரிமை அரசரின் பெருந்தன்மையால் வந்ததல்ல, நிலக்காரர்களின் நெருக்குதலால் வந்தது.

சாட்சிகளும் படிப்படியாக வந்தவர்களே. 1677ஆம் ஆண்டுச் சட்டம் நில உயிலுக்கு மூன்று நான்கு சாட்சிகளைக் கேட்டது. 1837ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டு போதும் என்றது. இன்று அமெரிக்க மாநிலங்களில் பெரும்பாலானவை இரண்டு சாட்சிகளையே கேட்கின்றன. கையெழுத்து நாளன்று வழக்கறிஞர் அறைக் கதவைச் சாத்துவார். உயிலால் பலன்பெறாத இரு சாட்சிகளும் நோட்டரியும் மேசையைச் சுற்றி அமர்வார்கள். ‘இது உங்கள் உயிலா? படித்துப் பார்த்தீர்களா? உங்கள் விருப்பப்படிதான் இருக்கிறதா?’ என்று அவர்கள் காதுபடக் கேட்பார். கட்சிக்காரர் பக்கந்தோறும் சுருக்கொப்பம் இட்டு, கடைசிப் பக்கத்தில் முழுக் கையெழுத்திடுவார். வேலை முடியும்வரை ஒருவரும் எழுந்து போகக் கூடாது. பிற்காலத்தில் உயிலை எதிர்த்து வழக்கு வந்தால் இந்தச் சில நிமிடங்கள்தான் முதல் அரண்.

எழுதியவருக்குத் தெளிவு இருந்ததா என்பதற்கு இன்றும் எடுத்தாளப்படும் அளவுகோல் 1870இல் இங்கிலாந்தில் தீர்ப்பான பேங்க்ஸ் எதிர் குட்ஃபெல்லோ வழக்கில் வகுக்கப்பட்டது. பேய்கள் தன்னைத் துரத்துவதாக நம்பிய ஒருவரின் உயில் அங்கே செல்லுபடியானது. உயில் என்பது என்ன, தன் சொத்து எவ்வளவு, தன் சொத்தில் உரிமை கோரக்கூடியவர்கள் யார் என்பது தெரிந்திருந்து, அவரது மனமயக்கம் பங்கீட்டைத் திருப்பாமலும் இருந்தால் போதும். முதுமை மறதி என்ற ஒரே காரணத்தால் ஒருவரின் சொல்லைத் தள்ளிவிடக் கூடாது என்று இதிலிருந்து வரும் முடிவு இத்துறையின் உயிர்நாடி.

கடல் கடந்து வந்த இன்னொன்று 1601ஆம் ஆண்டின் எலிசபெத் கால ஏழையர் சட்டம். வறிய பெற்றோரைப் பிள்ளைகள் காக்கவேண்டும் என்ற அதன் விதியை அமெரிக்கக் குடியேற்றங்கள் அப்படியே எடுத்துக்கொண்டன. இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களின் சட்டப் புத்தகங்களில் அது இன்னும் இருக்கிறது. உறங்குகிறது என்று பலர் நினைத்திருந்த வேளையில், 2012இல் பென்சில்வேனியா மேல்முறையீட்டு நீதிமன்றம் தாயின் பராமரிப்பு இல்லப் பாக்கியான சுமார் 93,000 டாலரை மகன் கட்டவேண்டும் என்று தீர்ப்பளித்தது.

சமூகப் பாதுகாப்பும் 1965ஆம் ஆண்டும்

1935 ஆகஸ்ட் 14இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தானது. அதன்கீழ் 1940 ஜனவரியில் முதல் மாதாந்தரக் காசோலையைப் பெற்றவர் வெர்மான்ட் மாநிலத்தின் ஐடா மே ஃபுல்லர். தொகை 22 டாலர் 54 சென்ட். அவர் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் செயலராக இருந்தவர். 100 வயதில் 1975இல் இறக்கும்வரை மாதந்தோறும் பணம் வந்தது. நீண்ட ஆயுள் என்பது அரசுக் கணக்கின் பகுதியாகிவிட்டதற்கு இவரே முதற் சான்று. அதே சட்டம், பொது ஏழையர் விடுதிகளில் வசித்த ஏழை முதியோருக்கு உதவித்தொகை மறுத்தது. தனியார் பராமரிப்பு இல்லங்கள் பெருகியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

1965இல் முதிய அமெரிக்கர் சட்டம் வந்தது. ஜூலை 30இல் மெடிக்கேர், மெடிக்கெய்ட் இரண்டையும் அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்டுத் தொடக்கிவைத்தார். முதியோருக்கான மெடிக்கேர் மருத்துவமனைச் செலவைப் பார்த்துக்கொண்டது. ஆனால் பராமரிப்பு இல்லத்தில் அது ஏற்பது அதிகபட்சம் 100 நாள், அதுவும் மருத்துவமனையில் தங்கிய பிறகு தேறிவரும் சிகிச்சைக்கு. குளிப்பாட்டி, உணவூட்டி, ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொள்வதற்கு அதில் இடமில்லை. அந்தச் செலவை ஏற்பது ஏழைகளுக்கான மெடிக்கெய்ட். பல மாநிலங்களில் அதற்குத் தகுதிபெற ஒருவரின் கைவசச் சேமிப்பு 2,000 டாலரைத் தாண்டக் கூடாது. முதியோர் சட்டம் என்ற தொழில் இந்த இரண்டு திட்டங்களுக்கும் நடுவிலிருந்த பள்ளத்தில்தான் பிறந்தது.

அதே 1965இல் வழக்கறிஞரல்லாத நார்மன் டேசி, உயிலை மெய்ப்பிக்கும் புரோபேட் நீதிமன்றத்தைத் தவிர்ப்பது எப்படி என்று படிவங்களோடு ஒரு நூல் வெளியிட்டார். அது பரபரப்பாக விற்றது. உரிமமின்றி வழக்கறிஞர் தொழில் செய்கிறார் என்று நியூயார்க் கவுண்டி வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கு 1967இல் மாநில உச்ச அமர்வில் தோற்றது. புரோபேட்டைத் தவிர்க்க உதவும் வாழுங்கால டிரஸ்ட் நடுத்தர வர்க்கத்துக்கு அறிமுகமானதில் இந்நூலின் பங்கு பெரிது.

மெடிக்கெய்டும் வழக்கறிஞரும்

1988ஆம் ஆண்டுச் சட்டமொன்று மெடிக்கேரை விரிவாக்கி, அதன் செலவை முதியோர்மீதே ஏற்றியது. மறு ஆண்டு ஆகஸ்டில் சிகாகோவில் கொதித்தெழுந்த முதியோர், நாடாளுமன்ற உறுப்பினர் டேன் ராஸ்டென்கோவ்ஸ்கியின் காரை மறித்தார்கள். ஆண்டு முடிவதற்குள் சட்டத்தின் பெரும்பகுதி நீக்கப்பட்டது. தப்பிப் பிழைத்த ஒரு விதி மிக நல்லது: கணவர் மெடிக்கெய்ட் உதவியோடு பராமரிப்பு இல்லத்தில் சேர்ந்தால், வீட்டிலிருக்கும் மனைவி சேமிப்பில் ஒரு பகுதியை வைத்துக்கொள்ளலாம். 2025இல் அதன் மேல்வரம்பு 1,57,920 டாலர்.

1993இல் பிடி இறுகியது. இறந்தவரின் சொத்திலிருந்து மெடிக்கெய்ட் செலவைத் திரும்ப வசூலிப்பது மாநிலங்களுக்குக் கட்டாயமானது. தகுதிபெறுவதற்காகச் சொத்தைக் கொடுத்துவிட்டார்களா என்று அறிய, மனுவுக்கு முந்தைய 36 மாதக் கொடைகள் துருவப்பட்டன. 2006 பிப்ரவரியில் அது 60 மாதமானது. கொடுத்த தொகையை அம்மாநிலப் பராமரிப்பு இல்லங்களின் சராசரி மாதக் கட்டணத்தால் வகுத்தால், எத்தனை மாதம் உதவி கிடைக்காது என்பது வரும். மாதம் 10,000 டாலர் என்று வைத்துக்கொண்டால், பேத்தியின் படிப்புக்குக் கொடுத்த 60,000 டாலர் ஆறு மாதத் தடையாகிறது. முன்பு இந்தத் தடை கொடுத்த நாளிலிருந்து ஓடியது. 2006க்குப் பின், முதியவர் கையில் காசு தீர்ந்து இல்லத்தில் கிடக்கும் நாளிலிருந்துதான் தொடங்குகிறது. இதைவிட இரக்கமற்ற தேதிமாற்றம் இத்துறையில் வேறில்லை.

1996இல் மெடிக்கெய்டுக்குத் தகுதிபெறுவதற்காகச் சொத்தை மாற்றும் முதியவரையே குற்றவாளியாக்கும் விதி வந்தது. பாட்டியைச் சிறைக்கு அனுப்பும் சட்டம் என்று நாடு முழுவதும் எதிர்ப்பு எழ, 1997இல் பாட்டியை விட்டுவிட்டு, கட்டணம் வாங்கி யோசனை சொல்பவரைக் குற்றவாளியாக்கினார்கள். ஓராண்டு வரை சிறை, 10,000 டாலர் வரை அபராதம். சட்டப்படி செய்யக்கூடிய ஒன்றைச் சட்டம் அறிந்தவர் சொல்லக் கூடாது என்பது பேச்சுரிமையைப் பறிப்பது. அட்டர்னி ஜெனரல் ஜேனட் ரீனோ 1998இல் இதை அமல்படுத்தப்போவதில்லை என்று அறிவித்தார். நியூயார்க் மாநில வழக்கறிஞர் சங்கத்தின் வழக்கில் கூட்டாட்சி நீதிமன்றம் தடை விதித்தது. மெடிக்கெய்ட் திட்டமிடல் ஏழைகளின் பணத்தில் கைவைப்பது என்ற வாதம் அவ்வப்போது எழுவதுண்டு. வரியைக் குறைக்கச் செல்வர் வழக்கறிஞரை நாடலாம் என்றால், வீட்டைக் காக்க ஓய்வுபெற்ற ஆசிரியையும் நாடலாம்.

தொழிலுக்கு வரும் வழி

பட்டப்படிப்புக்குப் பின் மூன்றாண்டுச் சட்டப் படிப்பு, மாநில பார் தேர்வு. தேசிய முதியோர் சட்ட வழக்கறிஞர் அகாதமி 1987இல் தோன்றியது. சிறப்புச் சான்றிதழ் வழங்கும் தேசிய முதியோர் சட்ட அறக்கட்டளை 1993இல் உருவானது. சான்றிதழுக்கு ஐந்தாண்டு அனுபவம், சக வழக்கறிஞர்களின் பரிந்துரை, எழுத்துத் தேர்வு தேவை. இல்லினாய் பல்கலைக்கழகம் 1993 முதல் இத்துறைக்கென ஆய்விதழ் நடத்துகிறது. புளோரிடாவின் ஸ்டெட்சன் சட்டக் கல்லூரி இப்பாடத்துக்குப் பெயர்பெற்றது.

கட்சிக்காரர் யார்

பெரும்பாலும் அலுவலகத்துக்கு முதலில் போன் செய்வது மகளோ மகனோதான். கட்டணம் கட்டுவதும் அவர்களாக இருக்கலாம். ஆனாலும் கட்சிக்காரர் முதியவர் மட்டுமே. முதல் சந்திப்பில் வழக்கறிஞர், ‘அம்மாவோடு கொஞ்சம் தனியாகப் பேசணும்’ என்று சொல்லிப் பிள்ளைகளை வெளியே உட்கார வைப்பார். அழைத்துவந்தவருக்கு இது சுருக்கென்று தைக்கும். அதற்காகவே விளக்கச் சிறுநூல்களை வழக்கறிஞர் அமைப்புகள் வெளியிட்டிருக்கின்றன. நினைவு தளர்ந்தவரிடமும் இயன்றவரை வழக்கமான கட்சிக்காரர் உறவையே பேணவேண்டும் என்கிறது அமெரிக்க பார் அசோசியேஷனின் மாதிரி நடத்தை விதி 1.14.

இந்த வரம்பு ஏன் தேவை என்பதற்கு நியூயார்க்கின் புரூக் ஆஸ்டர் வழக்கு சான்று. பெருங்கொடையாளரான அவர் அல்சைமர் நோயுற்று 2007இல் 105 வயதில் இறந்தார். தாயின் சொத்தைச் சுரண்டியதாக மகனும், உயில் திருத்தத்தில் கையெழுத்தைப் போலியாக இட்டதாக ஒரு வழக்கறிஞரும் 2009இல் தண்டிக்கப்பட்டார்கள்.

ஆபத்து பவர் பத்திரத்திலும் உண்டு. சாதாரண பவர், கொடுத்தவர் சுயநினைவு இழந்தால் சட்டப்படி செத்துவிடும். அதாவது, தேவைப்படும் வேளையில் உதவாது. 1954இல் வர்ஜீனியா, நினைவு போனபின்னும் நீடிக்கும் பவருக்கு வழிவிட்டது. பிற மாநிலங்கள் பின்பற்றின. இது கையில் இருந்தால், நீதிமன்றம் காப்பாளரை நியமிக்கும் நீண்ட, செலவான வழக்குக்குப் பெரும்பாலும் அவசியமில்லை. மோசமானவர் கையில் இருந்தாலோ, ஒரே மதியத்தில் வங்கிக் கணக்கு காலியாகும்.

இன்றைய நிலை

2026 முதல் ஒருவருக்கு 150 லட்சம் டாலர் வரை, இறந்தவரின் சொத்துமீதான கூட்டாட்சி எஸ்டேட் வரி இல்லை என்பதால், வரிக்காக வழக்கறிஞரை நாடுவோர் குறைந்து, பராமரிப்புக்காக நாடுவோரே மிகுதி. அமெரிக்கக் குடியுரிமை பெறாத கணவருக்கோ மனைவிக்கோ செல்லும் சொத்துக்கு வரம்பற்ற எஸ்டேட் வரிவிலக்கு கிடையாது என்பதால் புலம்பெயர்ந்த இந்தியக் குடும்பங்களில் வசதியானவர்களும் வருகிறார்கள். மின்னணு உயிலுக்கு 2019இல் மாதிரிச் சட்டம் வகுக்கப்பட்டு, சில மாநிலங்கள் ஏற்றுள்ளன.