இணைவும் பிணக்கும்

உயிர்களின் இணைவை ஒத்துழைப்பின் உச்சமாகக் கருதுவது நெடுங்கால வழக்கம். இரு கை தட்டினாலன்றி ஓசை எழாது. ஆணும் பெண்ணும் கூடினாலன்றிப் பெரும்பாலான பூச்சியினங்களில் அடுத்த தலைமுறை தோன்றாது. ஆகவே, கூடும் இரண்டின் நலனும் ஒன்றே என மாந்தர் எண்ணியதில் வியப்பில்லை. அவ்வெண்ணம் தளர்ந்த வரலாற்றில் பெரும்பங்கு சிறு ஈக்களுக்கு உரியது.

சார்லஸ் டார்வின் 1871ஆம் ஆண்டில் பால்வழித் தேர்வுக் கொள்கையை விரித்துரைத்தார். ஆண்கள் தமக்குள் பொருவதையும், பெண் தன் துணையைத் தேர்வதையும் அவர் விளக்கினார். கூடும் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலேயே நலன்கள் முரணக்கூடும் என்னும் கருத்தோ, ஏறத்தாழ நூறாண்டு கழித்தே தெளிவான வடிவம் பெற்றது. அதற்கு வழிவகுத்தவர் ஆங்கிலேய உயிரியலார் ஜெப்ரி பார்க்கர். மாட்டுச் சாணத்தில் கூடும் மஞ்சள்நிறச் சாண ஈக்களை அவர் நுணுகி ஆராய்ந்தார். முட்டையிட வரும் பெண்ணைப் பற்றிக்கொள்ள ஆண் ஈக்கள் ஒன்றோடொன்று போராடும். அந்நெரிசலில் பெண் காயமுறுவதும், சாணத்தில் அமிழ்ந்து மடிவதும் உண்டு. ஆணின் வெற்றி பெண்ணின் இழப்பாகலாம் என்பதை 1979இல் அவர் கணித வழியில் விளக்கினார். பால்முரண் என்னும் கோட்பாடு அதன்பின் வேரூன்றியது.

கோட்பாட்டிற்குச் சான்று வேண்டுமன்றோ? அதனை நல்கியது அழுகிய பழத்தை மொய்க்கும் பழ ஈ. இணைந்த பெண் ஈ விரைவில் இறப்பது முன்னரே அறியப்பட்டதுதான். ஆயினும், முட்டையிடும் உழைப்பும் வாழ்நாளைக் குறைக்கும். எனவே, குற்றம் இணைவினுடையதா, முட்டையினுடையதா என்னும் ஐயம் எஞ்சி நின்றது. கெவின் பௌலரும் லிண்டா பார்ட்ரிட்ஜும் 1989இல் இவ்வையத்தை நீக்கினர். இரு குழுப் பெண் ஈக்களும் ஆண்களின் நாட்டத்திற்கு உள்ளாயின. முட்டையிட்ட அளவும் ஒத்திருந்தது. ஆனால், ஒரு குழு மிகுதியாக இணைந்தது. மற்றொன்று குறைவாக இணைந்தது. மிகுதியாக இணைந்தவையே முந்தி மடிந்தன.

எதனால் இவ்விழப்பு? டிரேசி சாப்மனும் உடன் ஆய்வாளரும் 1995இல் விடை கண்டனர். ஆணின் துணைச் சுரப்பிகளிலிருந்து விந்தோடு செல்லும் நீர்மப் பொருள்களே காரணம். அவற்றுள் ஒன்று, 36 அமினோ அமிலங்கள் கோத்த சிறு புரதம். அது பெண்ணை மிகுதியாக முட்டையிடத் தூண்டும். வேறு ஆணை நாடாதவாறும் தடுக்கும். அப்புரதத்திற்கும் இவ்விழப்பில் பங்குண்டு என்பதை 2005இல் நிகழ்ந்த ஆய்வு காட்டிற்று. பெண்ணைக் கொல்வது ஆணின் நோக்கமன்று; இன்றைய முட்டைகள் தன்னுடையவை, நாளைய முட்டைகள் பிறனுடையவை ஆகலாம் என்னும் நிலையில், அவளது நீள்வாழ்வால் அவனுக்குப் பயன் குறைவு. அவ்வளவே.

இவ்விளக்கம் மெய்யாயின், இருவர் நலனும் ஒன்றாகுமிடத்தில் தீங்கு தேய வேண்டும். பிரெட் ஹாலந்தும் வில்லியம் ரைஸும் 1999இல் வெளியிட்ட ஆய்வு அதனையே சோதித்தது. ஒருவனுக்கு ஒருத்தி என்னும் நெறியில் 40க்கும் மேற்பட்ட தலைமுறைகள் ஈக்கள் வளர்க்கப்பட்டன. ஆணின் வழித்தோன்றல்கள் அந்த ஒரு பெண்ணின் வாழ்வையே சார்ந்து நின்றன. விளைவு யாது? ஆண்களின் தீங்கு குறைந்தது. பெண்களின் எதிர்ப்பாற்றலும் தளர்ந்தது. இனப்பெருக்க விளைவும் உயர்ந்தது.

ஈயின் வாழ்விலிருந்து மனிதருக்கு அறம் வகுத்தல் பொருந்தாது. ஈக்கு நன்மையும் தீமையும் இல்லை. எனினும், இவ்வரலாறு ஒன்றைத் தெளிவாக்குகிறது. பூச்சிகளின் பிணக்குக்கு வேர் கொடுமையன்று. பிரிந்து நிற்கும் நலன்களே. அந்நலன்கள் ஒன்றிய தலைமுறைகளில் பிணக்கும் தணிந்தது.