11,186 பேர்தானா?

2011 மக்கள்தொகைக் கணக்கின் மத அட்டவணையில் தமிழ்நாட்டுப் பௌத்தர்கள் வெறும் 11,186 பேர். நாடு முழுக்க 84,42,972. அதில் 65 லட்சம் பேர் மகாராஷ்டிரத்தில். இந்த ஏற்றத்தாழ்வுதான் என்னைக் கிளப்பிவிட்டது. நந்தனத்திலிருந்து கோட்டூர்புரம் பாலம் தாண்டினால் அண்ணா நூற்றாண்டு நூலகம். தேடல் அங்கே தொடங்கியது.

வழக்கமான பதில், அம்பேத்கர் 1956இல் தீட்சை பெற்றது நாக்பூரில், இங்கே அல்லவே என்பது. ஆனால் அயோத்திதாசப் பண்டிதர் அடையாற்றுப் பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட்டின் துணையோடு கொழும்பு போய்ப் பஞ்சசீலம் ஏற்றது 1898இல், நாக்பூருக்கு 58 ஆண்டு முன்பே. திரும்பி வந்து ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கினார். 1907இல் அவருடைய 'ஒரு பைசாத் தமிழன்' இதழ் வந்தது. கோலார் தங்கவயல் வரை கிளைகள் பரவின. அத்தனை பேரும் எங்கே போனார்கள்?

துப்பு 2011 படிவத்திலேயே இருந்தது. ஏழாம் கேள்வி மதம்: இந்து 1, முஸ்லிம் 2 என்று போய்ப் பௌத்தருக்கு 5. எட்டாம் கேள்வி பட்டியல் சாதி. அதை ஒட்டி ஒரு குறிப்பு: பட்டியல் சாதியினர் இந்து, சீக்கியர், பௌத்தரிடையே மட்டுமே இருக்க முடியும். அந்த வரிக்குள் 'பௌத்தர்' நுழைந்தது 1990இல்தான். 1950 குடியரசுத் தலைவர் ஆணை பெரும்பாலும் இந்துக்களோடு நின்றது. சீக்கியர் 1956இல் முழுமையாகச் சேர்ந்தார்கள். இடையில் நாற்பது ஆண்டு, பௌத்தர் என்று பதிந்தவருக்கு மத்திய அரசின் பட்டியல் சாதி இடஒதுக்கீடு கிடையாது. மகாராஷ்டிரம் தன் அளவில் முன்பே சலுகை கொடுத்துவிட்டது. வீட்டில் புத்தர் படம், சான்றிதழில் 'இந்து' என்று இங்கே பலர் இருந்திருப்பார்கள் என்பது என் ஊகம். வயிற்றுப்பாட்டைப் பார்த்தவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2001இல் 5,393 ஆக இருந்த கணக்கு பத்தாண்டில் இரட்டித்ததையும் இதோடு சேர்த்துத்தான் படிக்கிறேன்.

உலகக் கணக்கும் இப்படித்தான் ஆடுகிறது. 2010இல் உலகப் பௌத்தர்கள் 48.8 கோடி, நூற்றுக்கு 7 பேர் என்றது பியூ ஆய்வு மையம். 2025இல் வந்த அறிக்கையில் அதே 2010க்கு 34.3 கோடி! சீனாவில் எண்ணும் முறையை மாற்றியதே முக்கியக் காரணம்: தன்னைப் பௌத்தர் என்று சொல்லிக்கொள்பவர் மட்டும் கணக்கில் நின்றார், புத்தர் முன்னால் ஊதுபத்தி கொளுத்துகிறவர் விடுபட்டார். 2020க்கு 32.4 கோடி, 4.1 சதவீதம். பெரிய மதங்களில் எண்ணிக்கை குறைந்தது இது ஒன்றுதான் என்கிறார்கள்.

2027 கணக்கெடுப்பில் எல்லோரிடமும் சாதி கேட்கப் போகிறார்கள். சாதிபேதமற்ற திராவிடர் என்று பதியச் சொன்னவர் பண்டிதர். அவர் வழி வந்தவர்கள் மதம், சாதி என்ற இரண்டு கட்டங்களிலும் என்ன சொல்கிறார்கள் என்று அடுத்த அட்டவணையில் தேட வேண்டும்.